மருந்து வேலை செய்யும்வரை

மனச்சோர்வு நோய்க்கு மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர், எதிரே இருப்பவரிடம் அவரால் அப்போது கொடுக்கவே முடியாத ஒன்றைக் கேட்கிறார். "இன்னும் நாலஞ்சு வாரம் பொறுத்துக்குங்க, சரியாயிடும்." மற்ற நோயாளிகளிடம் இதைத் தயங்காமல் கேட்கலாம். கால் முறிந்தவர் மாவுக்கட்டோடு ஆறு வாரம் படுத்திருப்பார். காசநோய் வந்தவர் ஆறு மாதம் மாத்திரை விழுங்குவார். நாள் எண்ணிக் காத்திருக்கும் திறனை அந்த நோய்கள் அவர்களிடமிருந்து பறிப்பதில்லை. மனச்சோர்வு முதலில் பறிப்பதே அதைத்தான். அடுத்த வாரம் என்று ஒன்று வரும், அதில் தானும் இருப்போம், அது இன்றுபோல் இருக்காது என்கிற எண்ணம், யாரும் கற்றுத்தராமலே நம் எல்லோருக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நின்றுபோனவரிடம்தான் பொறுத்திருக்கச் சொல்கிறோம்.

இந்த நோயின் மருத்துவம் பற்றிய விவாதங்கள் இரண்டு கேள்விகளையே சுற்றிவருகின்றன. இது மூளையின் நோயா, வாழ்க்கையின் துயரமா? மருந்து வேலை செய்கிறதா, இல்லையா? இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கோ மூன்றாவது ஒரு கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. மருந்து வேலை செய்யும்வரை இந்த மனிதரை யார் பார்த்துக்கொள்வது? மனச்சோர்வுச் சிகிச்சையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் தீர்மானமாகின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

*

பிரான்சில் பணியாற்றிய மனநல மருத்துவர் யூஜின் மின்கோவ்ஸ்கி, 1922இல் ஒரு நோயாளியோடு இரண்டு மாத காலம் ஒரே வீட்டில் தங்கி அவரைக் கவனித்தார். நோயாளிக்கு அறுபத்தாறு வயது. பெருங்குற்றம் செய்துவிட்டோம், இன்று மாலைக்குள் கொடூரமான தண்டனை நிறைவேறிவிடும் என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. மாலை வரும், ஒன்றும் நடக்காது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே அச்சம், அதே 'இன்று மாலை'. நேற்றும் இப்படித்தான் சொன்னீர்கள், முந்தாநாளும் சொன்னீர்கள், எதுவும் நடக்கவில்லையே என்று மருத்துவர் எடுத்துக்காட்டுவார். எத்தனை முறை எடுத்துக்காட்டினாலும் நேற்றைய அனுபவம் இன்றைக்குத் துணையாக வருவதில்லை. ஒவ்வொரு நாளும் தனித்தனித் தீவாகக் கிடந்தது. மின்கோவ்ஸ்கி இதிலிருந்து வந்தடைந்த முடிவு ஆழமானது. தண்டனை பற்றிய பிரமை வந்ததால் எதிர்காலம் அடைபட்டது என்று நாம் நினைக்கிறோம். அவரோ, எதிர்காலம் முதலில் அடைபட்டது, அந்த அடைப்பிலிருந்துதான் பிரமை பிறந்தது என்றார். காலத்தை மனிதர் அனுபவிக்கும் விதம் குறித்து 1933இல் அவர் வெளியிட்ட நூலில் இந்தச் சிந்தனை விரிவாக இருக்கிறது.

அது பிரமைகளோடு கூடிய கடுமையான நிலை. நம்மிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அவ்வளவு முற்றியிருக்காது. ஆனாலும் அதன் மெல்லிய வடிவம் எல்லோரிடமும் இருக்கிறது. "இனிமே என்ன சார் இருக்கு" என்பார்கள். உடன் வந்த உறவினர் உடனே பட்டியல் போடுவார்: "உனக்கு என்ன குறை? சொந்த வீடு இருக்கு, பிள்ளைங்க படிக்குது, கடன் கிடையாது." பட்டியலில் பொய்யில்லை. அந்த உண்மைகளைக் கோத்து நாளைக்குக் கொண்டுபோகும் நூல்தான் அறுந்திருக்கிறது. ஆறுதலாகச் சொல்லும் நியாயங்கள் இந்த நோயில் பலிக்காமல் போவது நோயாளியின் பிடிவாதத்தால் என்று வீட்டார் நினைக்கிறார்கள். அந்தத் தவறான முடிவு அவரை இன்னும் தனிமையில் தள்ளுகிறது.

*

'மனசு சரியில்ல' என்று நேராகச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. தலை பாரம், கை கால் அசதி, நெஞ்சு படபடப்பு, சாப்பாடு இறங்கவில்லை, உடம்பெல்லாம் எரிகிறது என்று வருவார்கள். கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதற்குள் இசிஜி, ஸ்கேன், எண்டோஸ்கோபி அறிக்கைகள், நாலைந்து மருத்துவர்களின் சீட்டுகள். எல்லாவற்றிலும் 'நார்மல்' என்றே எழுதியிருக்கும். இந்த உடல் தொல்லைகளை மனநோய் போட்டுக்கொண்ட வேஷம் என்று நினைப்பது தவறு. அசதி நிஜம், எரிச்சல் நிஜம். மனச்சோர்வு உடம்பின் நோயும்கூட.

தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 சத்துக் குறைவு போன்றவை இதே தோற்றம் காட்டலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்கிறோம். மனச்சோர்வை மட்டும் நேரடியாகக் காட்டித்தரும் பரிசோதனை எதுவும் இன்றுவரை இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதும் பெரும்பாலும் நேரம் பற்றியதாகவே இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதா? காலையில் கனமாக இருப்பது மாலையானால் கொஞ்சம் இறங்குகிறதா? எப்போதிலிருந்து இப்படி? முன்பு எது பிடிக்கும்? பேரப்பிள்ளை ஓடிவந்தால் தூக்குகிறீர்களா? "தூக்குவேன் சார். ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணும் தோணல" என்று ஒரு பாட்டி சொன்னால் பாதி நோயறிதல் முடிந்தது. துக்கத்தைவிட இந்த 'ஒன்றும் தோன்றாமை' நோய்க்கு நெருக்கமான அடையாளம்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-3 கையேட்டின் 1987ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு இந்தக் கேட்டலுக்கு ஒரு சட்டகம் போட்டுத் தந்தது. ஒன்பது அறிகுறிகள், அவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், தாழ்ந்த மனநிலையோ நாட்டமின்மையோ கட்டாயம் அவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும், இவை இரண்டு வாரமாவது தொடர வேண்டும். இன்று உலகெங்கும் புழங்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாள் அந்த ஒன்பதையே கேள்விகளாக்கி 0 முதல் 27 வரை மதிப்பெண் தருகிறது. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனித்துப் பார்க்க வேண்டும். இது கதவைத் தட்டும் கருவி. உள்ளே இருப்பது யார் என்பதைப் பேசித்தான் அறிய முடியும். பதினான்காம் நாள் நோயும் பதின்மூன்றாம் நாள் சோகமும் என்று இயற்கை கோடு கிழித்து வைத்திருக்கவில்லை. மனிதர்கள் போட்ட கோடு அது. அப்படி ஒரு கோடு இல்லாமல் வேலை நடக்காது என்பதும் உண்மை.

சாவு விழுந்த வீட்டில் இந்தக் கோடு தள்ளாடுகிறது. நெருங்கியவரை இழந்தவரின் துயரத்தை நோய்க்கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்த விதிவிலக்கை டிஎஸ்எம் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் நீக்கியது. துக்கத்தையே நோயாக்குகிறார்கள் என்று கண்டனம் எழுந்தது. துக்கம் அனுசரிப்பவருக்கும் கடும் மனச்சோர்வு வரலாம், அவருக்குச் சிகிச்சை மறுக்கக்கூடாது என்று பதில் வந்தது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. துயரம் அசைகிறதா என்றுதான் நான் பார்ப்பேன். இழந்தவரைப் பற்றிப் பேசும்போது அழுகை வந்து, அதற்குப் பின்னாலேயே அவரைப் பற்றிய ஒரு கதையும் வந்து, நடுவில் ஒரு சிரிப்பும் எட்டிப் பார்த்தால் அது துக்கம். அதற்கு மனிதர்கள் போதும். எதைக் கேட்டாலும் ஒரே மட்டத்தில் 'நான் எதுக்கும் லாயக்கில்ல' என்றே பதில் வந்தால் கவலைப்பட வேண்டும்.

கேட்காமல் விடக்கூடாத கேள்விகள் இன்னும் இரண்டு. இதற்கு நேரெதிராக, தூக்கமே இல்லாமல், சளைக்காமல், பணத்தை வாரியிறைத்து, உலகத்தையே வாங்கிவிடுவேன் என்று திரிந்த காலம் எப்போதாவது உண்டா? உண்டு என்றால் இது இருதுருவ நோயாக இருக்கலாம். மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் அவர் மறுகோடிக்குத் தூக்கி எறியப்படக்கூடும். இரண்டாவது கேள்வி: "செத்துட்டாத் தேவலன்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள், மருத்துவர்களும்கூட. அப்படி நேர்வதில்லை. மாதக்கணக்கில் தனியாகச் சுமந்ததை இறக்கிவைக்க இடம் கிடைத்ததும் பலர் அழுதுவிடுகிறார்கள்.

*

மருந்துக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரை ஊரான மூன்ஸ்டர்லிங்கனின் மனநல மருத்துவமனையில் 1956இல் மருத்துவர் ரோலண்ட் கூன் ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். கைகி என்ற நிறுவனம் ஜி 22355 என்று எண்ணிட்டு அனுப்பியிருந்த பொருள் அது. மனச்சிதைவு நோய்க்குப் பயன்படும் என்று எதிர்பார்த்தார்கள், பயன்படவில்லை. ஆழ்ந்த மனச்சோர்வில் கிடந்தவர்களுக்குக் கூன் அதைக் கொடுத்துப் பார்த்தார். எழுந்திருக்காமல் கிடந்தவர்கள் தாமாக எழுந்தார்கள், பேசினார்கள், வேலை செய்ய முன்வந்தார்கள். சிலருக்குச் சில நாட்களில், பலருக்கு வாரக்கணக்கில். 1957 செப்டம்பரில் சூரிச்சில் நடந்த உலக மனநல மருத்துவ மாநாட்டில் அவர் இதைச் சொன்னபோது கேட்டவர்கள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர்தானாம். இமிப்ரமின் என்று இன்றும் நாம் எழுதும் மருந்து அப்படித்தான் பிறந்தது. அதே மருத்துவமனையில் பல பத்தாண்டுகளாகச் சந்தைக்கு வராத பொருட்கள் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டன, பலருக்கு விவரம் சொல்லாமலே கொடுக்கப்பட்டன என்பதை வரலாற்றாய்வாளர்கள் 2019இல் வெளிக்கொண்டுவந்தார்கள். இந்த மாத்திரையைக் கையில் எடுக்கும் எவரும் அந்த மனிதர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

அதே 1950களில் நியூயார்க்கின் ஸீ வியூ மருத்துவமனையில் காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியாஸிட் நோயாளிகளை உற்சாகப்படுத்தியதைக் கண்டார்கள். இரண்டு மருந்துகளும் நரம்பணுக்களுக்கு இடையே செரட்டோனின், நாரட்ரீனலின் ஆகிய வேதிப்பொருட்களை மிகுவிப்பது தெரிந்தது. அப்படியானால் மனச்சோர்வு என்பது இவற்றின் பற்றாக்குறை என்று 1960களில் ஒரு விளக்கம் எழுந்தது. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூவாக்ஸடின் என்ற மனச்சோர்வு மருந்து அந்த விளக்கத்தை உலகம் முழுக்கக் கொண்டுசென்றது. "உங்க மூளையில ஒரு கெமிக்கல் குறைஞ்சிருக்கு, மாத்திரை அதைச் சரிபண்ணிடும்" என்று மருத்துவர்கள் சொன்னார்கள். நோயாளியின் குற்றவுணர்வைக் குறைக்கும் நல்ல நோக்கம்தான்.

அந்த விளக்கத்துக்குள் ஆரம்பத்திலிருந்தே ஓர் ஓட்டை இருந்தது. மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே செரட்டோனின் கூடிவிடுகிறது. மனம் தெளிய வாரங்கள் ஆகின்றன. குறைந்ததை நிரப்புவதுதான் சிகிச்சை என்றால் இந்தத் தாமதம் எதற்கு? மனச்சோர்வாளர்களிடம் செரட்டோனின் குறைந்திருப்பதற்கு நிலையான சான்று இல்லை என்று மனநல மருத்துவர் ஜோவானா மான்கிரீஃபும் சகாக்களும் 2022இல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னபோது பலர் அதிர்ந்தார்கள். மருந்து பயனற்றது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. அது ஏன் பயன்படுகிறது என்று நாம் சொல்லிவந்த கதை போதாது, அவ்வளவுதான். மருந்து தொடங்கிவைக்கும் மாற்றத்துக்கு மூளை மெல்ல இசைந்து, ஏற்பிகளைத் திருத்தி, இணைப்புகளைப் புதிதாக வளர்க்கிறது என்று இன்றைய ஆய்வுகள் பல கருதுகின்றன. தளம் போட்ட அன்றே கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை, நாள்தோறும் தண்ணீர் கட்டித்தான் அது இறுகுகிறது. மருந்தும் அப்படித்தான். தண்ணீர் கட்ட ஆள் வேண்டும்.

*

முதல் இரண்டு வாரங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இதன் கடுமை புரியும். மருந்தின் தொல்லைகள் முதலில் வருகின்றன, பலன் பின்னால் வருகிறது. குமட்டல், வயிற்றுப் போக்கு, தலைவலி, ஒருவிதப் பரபரப்பு, உள்ள தூக்கமும் கெடுதல். பெரும்பாலும் பத்து நாளில் தணிந்துவிடும். ஆனால் நாளையை நம்பாதவருக்குப் பத்து நாள் என்பது எல்லையில்லாத தூரம். "மாத்திரை போட்டதுல இருந்துதான் இன்னும் மோசம்" என்று வீட்டில் பேச்சு எழும். பக்கத்து வீட்டில் ஒருவர், "மெண்டல் மாத்திரையா, வாழ்நாள் பூரா விட முடியாதே" என்பார். மாத்திரை பரணுக்குப் போய்விடும். அவர் மறுபடி வரமாட்டார்.

இன்னொரு ஆபத்தும் இந்த வாரங்களில் இருக்கிறது. மனம் தெளிவதற்கு முன்பே உடம்பில் தெம்பு திரும்பிவிடலாம். சாக வேண்டும் என்று நினைத்தும் எழ முடியாமல் கிடந்தவருக்கு எழும் வலு வந்துவிடும் நாட்கள் அவை. பழைய மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த எச்சரிக்கை இது. சிறாரிடமும் பதின்பருவத்தினரிடமும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் மருந்தின் விவரக் குறிப்பிலேயே கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடச் செய்தது. 2007இல் அதை 24 வயதுவரை நீட்டித்தது. இதைக் கேட்டு மருந்தே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஆபத்து, சிகிச்சையில்லாத மனச்சோர்வு உயிரை எடுக்கும் நோய். முதல் வாரங்களில் நோயாளியைத் தனியே விடாதீர்கள் என்பதே இந்த எச்சரிக்கையின் சாரம்.

காத்திருக்கவே முடியாத நிலைகளும் உண்டு. சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டு, வாய் திறவாமல், சுவரைப் பார்த்தபடி கிடக்கும் முதியவருக்கு ஆறு வாரம் என்பது மரணம். அங்கேதான் மின் அதிர்வுச் சிகிச்சை வருகிறது. 1938இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற மருத்துவர்கள் தொடங்கிவைத்தது. சினிமாக்கள் அதைச் சித்திரவதையாகக் காட்டிக் காட்டி மக்களை மிரள வைத்திருக்கின்றன. இன்று மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்த பின்பே செய்கிறார்கள். அவை இல்லாமல் செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. சிகிச்சைக் காலத்தை ஒட்டிய நினைவுகள் சில அழிந்துபோகலாம், அதை மறைக்காமல் சொல்லியே சம்மதம் வாங்க வேண்டும். உண்ணாமல் கிடந்த மூதாட்டி இரண்டாவது வாரத்தில் "காபி இருக்கா?" என்று கேட்பதைக் கண்ட மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையைக் கைவிட மாட்டார்கள்.

*

மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு விரிவான விடை 2018இல் வந்தது. ஆண்ட்ரியா சிப்ரியானி தலைமையில் 522 சோதனைகளை, 1,16,477 பேரின் தரவுகளைத் தொகுத்து, 21 மருந்துகளை ஒப்பிட்டார்கள். இருபத்தொன்றும் போலி மாத்திரையைவிட மேலானவை. ஆனால் வித்தியாசம் பெரும்பாலும் மிதமானது. அமெரிக்காவில் ஏறத்தாழ நாலாயிரம் பேரைத் தொடர்ந்த ஸ்டார்-டி ஆய்விலும், முதல் மருந்திலேயே முழுக்கத் தெளிந்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான்.

போலி மாத்திரையோடு உள்ள வித்தியாசம் மிதமானது என்பதை வைத்து மருந்துகளைக் கேலி செய்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தச் சோதனைகளில் போலி மாத்திரை பெற்றவருக்கு மாவு உருண்டை மட்டும் கிடைக்கவில்லை. ஒரு வாரமோ இரண்டு வாரமோ விட்டு ஒருவர் அவரை அழைத்து உட்காரவைத்து, எப்படித் தூங்கினீர்கள், எப்படிச் சாப்பிட்டீர்கள், சாக வேண்டும்போல் இருந்ததா என்று நிதானமாகக் கேட்டார். அடுத்து வரவேண்டிய நாளைக் குறித்துக் கொடுத்தார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரித்தார். நம் ஊர் மருத்துவமனையில் உண்மையான மாத்திரை வாங்கிப்போகும் ஏழைக்கு இதில் எதுவும் கிடைப்பதில்லை. சோதனைகளின் போலி மாத்திரைக் குழுவினர் பெற்ற கவனிப்பு நம் நோயாளிகளுக்குக் கிடைத்தாலே பெரிய முன்னேற்றம்.

கவனிப்பு மட்டுமே என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்ந்து, வெளியேறிய பிறகு சிகிச்சை வேண்டாம் என்று மறுத்த 843 பேரை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு ஐந்தாண்டு காலம் அவ்வப்போது சிறு கடிதம் போனது. நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்கிற அளவில்தான் அதன் செய்தி. எதையும் கேட்கவில்லை, எதையும் வற்புறுத்தவில்லை. முதல் இரண்டாண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைந்திருந்தது.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் நடத்திய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அவற்றில் சென்னையும் கொழும்பும் உண்டு. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினரிடம் வெளியேறும் முன் ஒரு மணி நேரம் பேசினார்கள். அதன்பின் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்புகொண்டார்கள். தற்கொலைக்கு முயல்பவர் எல்லோரும் மனச்சோர்வு நோயாளிகள் அல்லர். ஆனாலும் 2008இல் வெளியான முடிவு யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தார்கள், தொடர்புகொள்ளப்பட்டவர்களில் 0.2 விழுக்காடு. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

கவனிப்பைப் போலவே, விஷத்தை எட்டாமல் வைப்பதும் உயிர் காக்கும். இலங்கையில் 1995இலும் 1998இலும் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பின், 2005க்குள் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டுள்ள பெட்டிகளில் வைக்கும் முயற்சியை ஆய்வாளர்கள் செய்து பார்த்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாதபோது அந்தக் கொடிய நாழிகை கடந்துவிடுகிறது, கடந்தபின் மனிதர் மிஞ்சுகிறார். சிகிச்சை தொடங்கும் நாளில், வயலுக்கு வாங்கிய மருந்தையும் தூக்க மாத்திரை அட்டைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்வது, ஃப்ளூவாக்ஸடின் எழுதுவதற்கு நிகரான மருத்துவம்.

*

காத்திருக்கும் வாரங்களைச் சும்மா கழிக்க வேண்டியதில்லை. மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவரோடு பணியாற்றியவர்களும் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்ததை 2017இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. மருத்துவமோ உளவியலோ படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களை ஆறு முதல் எட்டு முறை சந்திக்க வைத்தார்கள். பேச்சின் மையம் எளிமையானது. ஆசை வந்த பிறகு செய்வோம் என்று காத்திருக்காதீர்கள், சிறியதாக ஒன்றைச் செய்யுங்கள், ஆசை பின்னால் வரும். மூன்று மாதத்தில் இந்தச் சந்திப்புகள் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் தெளிந்திருந்தார்கள், மற்றவர்களில் 39 விழுக்காட்டினர்.

நம் வீடுகளில் இதைச் செய்யும் முறையை நான் இப்படித்தான் சொல்வேன். "கோலம் போடுங்கம்மா. பெரிசா வேண்டாம், நாலு புள்ளி போதும். பிடிக்குதா இல்லையான்னு யோசிக்காதீங்க." "அண்ணே, காலையில டீக்கடை வரைக்கும் நடந்து போய்ட்டு வாங்க. யார்கிட்டயும் பேச வேண்டாம்." வீட்டாருக்கும் ஒரு சொல்: தைரியமா இரு என்று சொல்லாதீர்கள், கூடவே நடந்துபோங்கள். மாத்திரையை எடுத்துக் கையில் கொடுங்கள். நோயாளிக்கு முன்னால் நீங்கள் சின்ன முன்னேற்றத்தைக் கண்டுவிடுவீர்கள். முகம் தெளிவதை மற்றவர்களே முதலில் பார்க்கிறார்கள், உள்ளே இருப்பவருக்கு அது கடைசியாகத்தான் தெரிகிறது. கண்டதைச் சொல்லுங்கள், அவருக்குப் பதில் நீங்கள் நாள் எண்ணுங்கள்.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவரும் மரபு இந்தியாவில் வெகுமுன்பே வேரூன்றியது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் இடம் போதாதபோது மருத்துவர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் உறவினர்களைக் கூடவே தங்கவைத்தார். 1957இல் வேலூர் சிஎம்சியின் மனநல மையம் பாகாயத்தில் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தினர் ஒருவர் தங்குவது அதன் முறையாகவே அமைந்தது. சமைத்துக்கொண்டு, பேசிக்கொண்டு, சக நோயாளிகளின் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கும் அந்த உறவினர் நோயைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார். குடும்பமே காயத்தின் காரணமாக இருக்கும் வீடுகளும் உண்டு, குடிக்கும் கணவன், அடிக்கும் மாமியார் வீடு. அங்கே மாத்திரையோடு பாதுகாப்பும் சட்ட உதவியும் சேர்ந்தால்தான் சிகிச்சை முழுமையாகும்.

தெளிந்த பிறகும் காலம் முடிவதில்லை. "நல்லாயிட்டேன், இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறார்கள். தெளிந்தபின் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரலாம். அதைப் பார்த்து 'மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன்' என்று பயந்துவிடுவார்கள். இந்த விவரங்களை முதல் நாளில் சொன்னால் தலையாட்டுவார்கள், நினைவில் நிற்காது. ஆறாம் வாரத்தில் சொன்னால் நிற்கும். ஆறாம் வாரத்தில் அவர் வந்திருக்க வேண்டும்.

*

தேசிய மனநல ஆய்வு 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாக அது கண்டது. இந்த எண்களைக் கேட்டதும் இன்னும் மருத்துவர்கள் வேண்டும், இன்னும் மருந்து வேண்டும் என்கிறோம். வேண்டும்தான். ஆனால் ஒரு முறை வந்து, சீட்டு வாங்கி, இரண்டாம் முறை வராமலே போனவரும் சிகிச்சைக்கு வெளியே இருப்பவர்தான். புறநோயாளிப் பதிவேட்டில் புது நோயாளிக்கு ஒரு பத்தி உண்டு, பழைய நோயாளிக்கு ஒரு பத்தி உண்டு. வராமல்போனவருக்குப் பத்தி இல்லை.

இதைச் சரிசெய்யப் புதிய கண்டுபிடிப்பு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்தத் தெருக்களும் வீடுகளும் அவர்களுக்குத் தெரியும், அங்கே அவர்களை அம்மா என்றும் அக்கா என்றும் கூப்பிடுகிறார்கள். மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கியவரை முதல் வாரத்திலும் இரண்டாம் வாரத்திலும் நான்காம், ஆறாம் வாரங்களிலும் போய்ப் பார்க்கும் வேலையை, உரிய பயிற்சியோடும் ரகசியம் காக்கும் ஒழுங்கோடும், அவர்களுக்குத் தரலாம். நடுராத்திரியில் மனம் தாங்காதவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. மருந்துச் சீட்டின் மேலேயே அதை அச்சிட்டுக் கொடுக்கலாம். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையும் எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்ற கணக்கோடு, முதல் முறை வந்தவர்களில் எத்தனை பேர் ஆறாம் வாரத்தில் வந்தார்கள், வராதவர்களில் எத்தனை பேரைத் தேடிப்போனோம் என்ற கணக்கையும் வெளியிட வேண்டும். தேடிப்போனவர்களின் சம்பளத்தை நிர்வாகச் செலவில் எழுதக்கூடாது. மருந்துச் செலவில் எழுத வேண்டும்.